கேம்பிரிட்ஜ், யேல், ஹார்வர்ட்: கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது யார்?

உறைவிடக் கல்லூரிகளாகப் பிரிந்திருக்கும் பல்கலைக்கழகத்தில், ஒரு மாணவர் எந்தக் கல்லூரியில் வாழப்போகிறார் என்பதை அவரே தீர்மானிக்கலாம், கல்லூரி தீர்மானிக்கலாம், குலுக்கலிடமும் விட்டுவிடலாம்.

கேம்பிரிட்ஜில் முதல் இரண்டும் கலந்திருக்கின்றன. இளநிலை மாணவர்களைச் சேர்க்கும் 29 கல்லூரிகளில் ஒன்றைக் குறிப்பிட்டு மாணவர் விண்ணப்பிக்கிறார். சேர்ப்பதா என்று முடிவெடுப்பது கல்லூரி. எதையும் குறிப்பிடாத பொது விண்ணப்பத்தைக் கணினி ஒரு கல்லூரிக்கு ஒதுக்கிவிடும். தகுதியிருந்தும் இடம் கிடைக்காதவர்களில் சிலரை, சனவரியில் நடக்கும் 'வின்டர் பூல்' வழியாக வேறு கல்லூரிகள் எடுத்துக்கொள்கின்றன. விண்ணப்பதாரருக்குச் சுதந்திரம் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே படித்தவர்களை அறிந்த குடும்பத்துப் பிள்ளைக்கே அதன் முழுப்பயன் கிட்டும், மற்றவர்கள் பெரும்பாலும் படத்தில் கண்ட கட்டடத்தின் அழகை நம்பித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

யேலில் விருப்பமே கேட்பதில்லை. முதலாண்டு மாணவர் வந்து சேருமுன்பே, 14 கல்லூரிகளில் ஒன்று குலுக்கல் முறையில் அவருக்கு ஒதுக்கப்பட்டுவிடும். பெற்றோரோ உடன்பிறந்தவரோ படித்த கல்லூரி வேண்டும் அல்லது வேண்டாம் என்று கேட்பதற்கு மட்டும் சலுகை உண்டு.

ஹார்வர்டின் கதை சற்று நீளமானது. அங்கே 'ஹவுஸ்' எனப்படும் 12 இல்லங்களை ஒரு காலத்தில் மாணவர்களின் விருப்பத்தைக் கேட்டே ஒதுக்கினார்கள். அதனால் ஆடம்ஸ் கலைஞர்களுக்கும் கிர்க்லாந்து விளையாட்டு வீரர்களுக்கும் உரியவை என்று பெயரெடுத்தன. இந்தப் பிரிவினையைக் கலைக்க 1990களின் நடுவில் குலுக்கல் வந்தது. ஆயினும் முதலாண்டின் முடிவில் அதிகபட்சம் 8 நண்பர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒரே இல்லத்துக்குப் போகலாம். சார்லஸ் நதியோரத்து ஒன்பது இல்லங்களை விட்டுத் தொலைவில் 'குவாட்' என்ற பகுதியிலுள்ள மூன்று இல்லங்களில் ஒன்று விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில், முடிவு வெளியாகும் மார்ச் நாளுக்கு முந்தைய இரவு, மாணவர்கள் சிறு படகுகளைக் கொளுத்தி நதித் தெய்வங்களை வேண்டிக்கொள்வது வழக்கம். அறிவுக்கூடத்திலும் நேர்த்திக்கடனுக்கு இடமிருக்கிறது!

எங்கே வாழ்வது என்பதைக் குலுக்கலிடமும் யாருடன் வாழ்வது என்பதை மாணவரிடமும் விடுவது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் முதலாண்டில் ஒரே போக்குடையவர்களிடையே உருவான வட்டம், இல்லத்துக்குள்ளும் அப்படியே குடிபுகுந்துவிடுகிறது. எட்டுப் பேர் கணக்கில் அடங்காத ஒன்பதாவது நண்பரிடம் அதைச் சொல்ல வேண்டிய சங்கடம் வேறு. எவரையும் விலக்கவேண்டிய நிலைக்கு மாணவரைத் தள்ளாத யேல் முறையையே, கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு நான் பரிந்துரைப்பேன்.