அப்பாவுக்கு வாங்கிய பிரஷர் மெஷின்

அப்பாவின் ஞாபகமறதிக்குப் பார்த்த நரம்பு டாக்டர் பிரஷரைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார், அதனால் வாங்கியது இது. பிரஷர் ஏறினால் மூளையின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் அடி வாங்கும். 2019-ல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில் மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு, 140-க்குக் கீழே என்று இலக்கு வைத்தவர்களைவிட லேசான அறிவாற்றல் குறைபாடு சுமார் 19 சதவீதம் குறைவாக வந்தது (டிமென்ஷியா என்ற மறதிநோய் குறைந்தது என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை).

சரி, மெஷினுக்கு வருவோம். எண்கள் பெரிது, அப்பா கண்ணாடி இல்லாமலே படிக்கிறார். பட்டையை முழங்கைக்குக் கொஞ்சம் மேலே கட்டி, ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு அளந்தால் ஒழுங்காகக் காட்டுகிறது, பேச்சுக் கொடுத்தால் ஏறிவிடும். குறை பட்டையில்தான். தடித்த கைக்குப் பத்தாது, இறுக்கமான பட்டை அளவைக் கூட்டித்தான் காட்டும், பெரியதைத் தனியாக வாங்க வேண்டும். பெட்டியில் "ஞாபகசக்தியைக் காக்கும்" என்று போட்டிருப்பதெல்லாம் ஓவர்.