கட்டணக் குறைப்பா, கூடுதல் பஸ்ஸா?

வேலூரின் காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் அதிகம் பேர் ஏற எது உதவும்?

பயணிகள்: கட்டணம் 10 சதவீதம் ஏறினால் சுமார் 3 சதவீதம் பேர் குறைவார்கள் என்பது போக்குவரத்து ஆய்வுகளின் பழைய கணக்கு. நாளாக ஆக இழப்பு கூடும்; இன்று முணுமுணுத்தபடி டிக்கெட் எடுப்பவர் அப்புறம் டூவீலர் வாங்கிவிடுவார். குறைத்தாலும் கூட்டம் மெதுவாகத்தான் சேரும். பஸ் அடிக்கடி வந்தாலோ, ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டுபவரும் காத்து நிற்பார்.

செலவு: குறைப்புக்கு அரசு மானியம் வேண்டும். கூடுதல் பஸ்ஸுக்கு டீசல், டிரைவர், கண்டக்டர்.

2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரிய மிச்சம், தொடரவே வேண்டும்.

சரி, எது யாருக்கு? காசுதான் தடை என்றால் கட்டணக் குறைப்பு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு நேரத்தோடு போக வேண்டியவருக்குக் கூடுதல் பஸ்.