ஒரு கார்டில் மூன்று போர்ட்: லினக்ஸில் நீண்ட நாள் பயன்பாடு

புது மதர்போர்டுகளில் பேரலல் போர்ட் காணாமல் போய் வெகு காலமாகிறது. ஆனால் கார்பன் தாளில் மூன்று பிரதி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும், சீரியல் கேபிளில் எடையை அனுப்பும் மின்னணுத் தராசும் சாகவே மாட்டேன் என்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து எங்கள் கிடங்குக் கணினியில் இரண்டு சீரியல், ஒரு பேரலல் கொண்ட நெட்மாஸ் 9835 சிப் உள்ள பிசிஐ கார்டை (மதர்போர்டின் விரிவாக்க ஸ்லாட்டில் செருகுவது) பொருத்தினோம். வருடக்கணக்காக லினக்ஸில்தான் ஓடுகிறது. தினசரி வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருள், அமைந்திருக்கும் விதத்தைப் பற்றித்தான்.

பிசிஐ விதிப்படி ஒரு கார்டு தன்னை 8 பங்ஷன்கள் வரை பிரித்துக் காட்டலாம். அப்படிப் பிரித்தால் ஒவ்வொன்றும் கர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, தனிச் சாதனம். அதற்குரிய டிரைவர் வந்து ஒட்டிக்கொள்ளும். 9835 அப்படிச் செய்வதில்லை. மூன்று போர்ட்டும் ஒரே பங்ஷனுக்குள் ஆறு முகவரிப் பகுதிகளாகக் கிடக்கின்றன. ஒரு பங்ஷனுக்கு ஒரு டிரைவர் என்பது லினக்ஸின் கட்டுப்பாடு. சீரியல் டிரைவர் பிடித்துக்கொண்டால் பிரிண்டர் அம்போ. பேரலல் டிரைவர் பிடித்தால் தராசு அம்போ.

இதற்காகவே 'பார்போர்ட்_சீரியல்' என்று ஒரு இடைத்தரகர் டிரைவர் இருக்கிறது. கார்டை அது வாங்கிக்கொண்டு, ஒரு பகுதியைப் பேரலல் டிரைவருக்கும் மற்றதைச் சீரியல் டிரைவருக்கும் பங்குபோட்டுத் தருகிறது. எத்தனை போர்ட் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? கார்டின் துணைச் சாதன எண்ணைப் பார்க்கிறது. என் கார்டில் அது 0012. கடைசி இலக்கம் 2 சீரியல், அதற்கு முந்தையது 1 பேரலல். எண்ணுக்குள்ளேயே கணக்கை ஒளித்துவைத்த சிப் வடிவமைப்பாளர் கெட்டிக்காரர்தான், ஆனால் இப்படியொரு வழக்கம் இருப்பது டிரைவர் எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! எல்லாத் தயாரிப்புகளிலும் இந்த வசதி கிடையாது. டபிள்யூசிஎச் நிறுவனத்தின் சிஎச்353 வகைக் கார்டுகளைத் தொடக்கூடாது, அவை பார்போர்ட்_சீரியலுக்கு உரியவை என்று பொதுவான பிசிஐ சீரியல் டிரைவருக்குள் ஒரு விலக்குப் பட்டியலே எழுதிவைத்திருக்கிறார்கள்.

பங்குபோடுவதில் உள்ள சிக்கல் கணினியைத் தூங்கவைத்து எழுப்பும்போது தெரிகிறது. பார்போர்ட்_சீரியலின் மூல நிரலில் உறக்கத்துக்கான பகுதியைப் படித்தால், சீரியல் போர்ட்டுகளை முறையாக நிறுத்திவிட்டு, 'பேரலல் போர்ட்டுக்கு என்ன செய்வது?' என்ற பொருளில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். எழுப்பும் பகுதியிலும் அதே குறிப்பு. பிரிண்டர் முரண்டு பிடித்தால் அதை மட்டும் தனியே மீட்கவும் வழியில்லை. டிரைவரைக் கழற்றி மாட்டினால் தராசின் இணைப்பும் கூடவே அறுந்துபோகும். நடுவில் லாரி எடை போட்டுக்கொண்டிருந்தால் மேலாளர் முகத்தைப் பார்க்க முடியாது. உறக்கத்தையே நிறுத்திவைத்துவிட்டேன்.

பிறகு இன்னொரு கணினிக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை 9901 வாங்கினோம். சாதனப் பட்டியலில் அது, முகவரியின் கடைசியில் புள்ளி 0, 1, 2 என்று பங்ஷன் எண்ணோடு, மூன்று வரிகளாகவே வருகிறது. இரண்டு சீரியல், ஒரு பேரலல். இடைத்தரகருக்கு வேலையில்லை. பேரலல் பங்ஷனை மட்டும் டிரைவரிலிருந்து விடுவித்து மறுபடி இணைக்கலாம், தராசுக்கு ஒன்றும் தெரியாது. எந்த ஆவணமும் படிக்காமலே இரண்டு வடிவமைப்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கே புரிந்துவிடும்.

ஒரே பங்ஷனுக்குள் பல வேலைகளை அடைப்பது பழைய கார்டுகளோடு ஒழிந்துவிடவில்லை. ஈதர்நெட்டையும் ஆர்டிஎம்ஏவையும் (ஒரு கணினியின் நினைவகத்தை இன்னொரு கணினி நெட்வொர்க் வழியே நேரடியாக அணுகும் முறை) சேர்த்துத் தரும் சர்வர் நெட்வொர்க் கார்டுகளில் அதே தலைவலி. 2021இல் வெளிவந்த 5.11 கர்னலில் 'ஆக்ஸிலரி பஸ்' சேர்ந்தது இதற்காகத்தான். தாய் டிரைவர் கார்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பிள்ளைச் சாதனத்தை உருவாக்கிப் பதிவு செய்யும். அவற்றைத் தனித்தனி டிரைவர்கள் எடுத்துக்கொள்ளும். இன்டெல்லின் 'ஐஸ்' டிரைவரும் 'ஐஆர்டிஎம்ஏ'வும் இப்படித்தான் சேர்ந்து வேலை செய்கின்றன. பார்போர்ட்_சீரியலையும் யாராவது இந்த முறைக்கு மாற்றினால் நன்றாக இருக்கும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்காக யார் உட்கார்ந்து எழுதப்போகிறார்கள்?

வாங்க நினைப்பவர்களுக்கு: பெட்டியில் 'லினக்ஸ் ஆதரவு உண்டு' என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். சிப்பின் எண்ணைக் கேளுங்கள். பங்ஷன்களாகப் பிரிந்து வருவதென்றால் யோசிக்காமல் வாங்கலாம். ஒரே பங்ஷன் என்றால், உங்கள் கர்னலில் பார்போர்ட்_சீரியல் தொகுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சீரியல் போர்ட் எண்ணிக்கையை நான்கோடு நிறுத்தும் கர்னல்களும் உண்டு. கணினி தொடங்கும்போது கர்னலுக்குத் தரும் பூட் வரியில் அதை உயர்த்தாவிட்டால் கார்டின் போர்ட்டுகளுக்கு இடம் கிடைக்காது.