சனிக்கிழமை மூன்று மணி: சந்தா கட்டியும் பார்க்க முடியாத மேட்ச்

கிழக்கு லண்டனில் இருந்துகொண்டு பல சீசன்களாகச் சந்தா கட்டி டிவியில் கால்பந்து பார்க்கிறேன். புதிதாகச் சந்தா எடுக்க நினைக்கிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, இங்கே சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை மேட்ச் எதையும் நேரலையில் காட்ட மாட்டார்கள்.

இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் சீசனுக்கு 380 மேட்ச். 2025-26இல் தொடங்கிய ஒப்பந்தப்படி ஸ்கை, டிஎன்டி என்ற இரண்டு சந்தா சேனல்களும் சேர்ந்து குறைந்தது 267 காட்டுகின்றன, முன்பைவிட எவ்வளவோ மேல். மிச்சமெல்லாம் அந்தத் தடை நேரத்தில் நடக்கிற மூன்று மணி மேட்ச். வெஸ்ட் ஹாம் ரசிகனான எனக்கு இத்தனை வருடத்தில் அந்த மிச்சத்தில் போய் விழுந்தவை ஏராளம்.

அந்த நேரத்தில் என்ன பார்ப்போம் என்றால், மேட்ச் பார்க்கிறவர்களைப் பார்ப்போம். ஸ்டுடியோவில் முன்னாள் ஆட்டக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, நமக்குத் தெரியாத திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், திடீரென்று ஒருவர் கத்துவார், கோலா பெனால்டியா என்று அவர் வாயைத் திறந்து சொல்லும்வரை இங்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதே மேட்சைச் சென்னையில் அண்ணன் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் முழுசாகப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் எனக்கு விவரம் சொல்கிறார். மைதானம் இருக்கிற ஊரிலேயே குடியிருந்து காசும் கட்டுகிற எனக்கு ரேடியோ வர்ணனைதான்.

1960களில் பர்ன்லி கிளப் தலைவர் பாப் லார்ட் முன்னின்று கொண்டுவந்த ஏற்பாடு இந்த நேரலைத் தடை. பெரிய மேட்ச் டிவியில் ஓடினால் சின்ன கிளப் மைதானங்கள் காலியாகும் என்பது அவர் பயம். அந்தக் காலத்துக்கு நியாயமான பயம்தான். இன்றைக்குச் செவ்வாய் இரவு சாம்பியன்ஸ் லீக் நேரலையில் ஓடும்போதே கீழ் டிவிஷன் மேட்சுகளும் நடக்கின்றன, அதற்கு எந்தத் தடையும் இல்லையே. 2020இல் கொரோனாவுக்காக மைதானங்களைப் பூட்டியபோது மூன்று மணி மேட்சுகளையும் காட்டினார்கள், திறந்ததும் கூட்டம் தானாகத் திரும்பி வந்தது.

கிழக்கு லண்டனின் சின்ன கிளப்பான லேட்டன் ஓரியண்ட் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். நான்கு மூலையிலும் அடுக்குமாடி வீடுகள், பால்கனியில் நின்றால் மேட்ச் இலவசம், அப்படியும் டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அப்பா கூட்டிப் போன கிளப், தெருவில் பாதிப் பேர் போகிற கிளப் என்று வருகிறவர்கள் அவர்கள், ஆர்சனல் மாதிரி பெரிய கிளப் மேட்ச் டிவியில் இல்லையே என்று வருகிறவர்கள் இல்லை. சின்ன கிளப்புகளின் வருமானம் குறையக் கூடாது என்பதில் எனக்கும் அக்கறை உண்டு. அதற்கு வழி, மூன்று மணி மேட்சையும் விற்று, வருகிற பணத்தில் ஒரு பங்கை மூன்றாம், நான்காம் டிவிஷன்களான லீக் ஒன், லீக் டூ கிளப்புகளுக்கு நேராகக் கொடுப்பது. அதற்காகச் சந்தா கொஞ்சம் ஏறினாலும் கட்டுவேன்.

நடப்பு ஒப்பந்தம் 2029 வரை. அடுத்ததைப் பேச உட்காரும்போதாவது இந்தத் தடையை நீக்கிவிட வேண்டும்.