மீட்டர் அகலம்னு சொல்லி ரேஸ் போர்டைத் தலையில கட்டுறாங்க, கவனம்

களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் கடற்கரைப் பக்கம் செகண்ட் ஹேண்ட் விண்ட்சர்ஃபிங் (பாய் மாட்டின பலகைமேல நின்னு காத்துல ஓட்டுறது) சாமான் வாங்கப் போற குமரி மாவட்டத்துக்காரங்க இதைப் படிச்சிட்டுப் போங்க. புகார் போயிட்டிருக்கு, அதனால கடைப் பேரை எழுதலை.

நான் கேட்டது ரொம்பத் தெளிவானது. புதுசா கத்துக்கணும், எடை 78 கிலோ, தேங்காப்பட்டணம் பக்கம் ஆத்துமுகத்துக்கு உள்ளாற ஓட்டணும், ரேஸுக்கு இல்லை. வாட்ஸ்அப்ல எழுதியே கேட்டேன். அதுக்குக் கடைக்காரர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் போன்ல இருக்கு: “சாரே, இது ஒரு மீட்டர் அகலமாக்கும். கட்டிலுமேல நிக்கிற போல நிக்கலாம். ஏஷியன் கேம்ஸ்ல நம்ம பையன் மெடல் வாங்கினது இந்த போர்டுலதான்.” போர்டு, ஃபின் (அடியில வால் பக்கம் நிக்கிற தகடு), மாஸ்ட் (பாய்மரம்), பூம் (கையால பிடிக்கிற கம்பு), 11 சதுர மீட்டர் பாய், எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய். பில் கேட்டதுக்கு “பழைய சாமானுக்கு எதுக்கு சாரே பில்லு?” ஜிபே பண்ணினேன்.

வந்தது ஃபார்முலா போர்டு. சுத்தமான ரேஸ் சாமான். இதுல ஏமாத்துறது சுலபம், ஏன்னா கத்துக்கிற போர்டும் அகலம்தான், ஃபார்முலாவும் அகலம்தான். கத்துக்கிறவங்களுக்கு அகலம் கொடுக்கிறது விழாம நிக்க. ஃபார்முலாவுக்கு அகலம் கொடுக்கிறது, 70 சென்டிமீட்டர் ஃபினும் 12 சதுர மீட்டர் வரைக்கும் போற பாயும் கொடுக்கிற விசையை, போர்டோட விளிம்புல கால் வச்சு அமுக்கிப் பிடிக்க. கால் நுழைக்கிற பட்டைகள் வாலுக்கிட்ட, ஓரத்துல இருக்கும். வேகம் எடுத்துத் தண்ணிமேல வழுக்குற வரைக்கும் அங்கே காலே வைக்க முடியாது.

பெரிய வித்தியாசம் அடியில இருக்கு. கத்துக்கிற போர்டுல நடுவுல டேகர்போர்டுன்னு ஒரு பலகை கீழே இறங்கும். மெதுவாப் போகும்போது காத்து பக்கவாட்டுல தள்ளிக்கிட்டுப் போகாம பிடிக்கிறது அதுதான். ஃபார்முலாவுல அது கிடையாது. ஃபினை மட்டும் நம்பி ஓடும், ஃபினுக்கு வேகம் வேணும், வேகத்துக்குப் பழக்கம் வேணும். பழகாதவன் ஏறினா காத்து போற பக்கமே ஒதுங்கிட்டு இருப்பான். எங்க ஆத்துல அது நேரா பொழிக்கு, ஆறு கடல்ல சேர்ற இடத்துக்கு, அங்கே விசைப்படகு வரும். அந்த 11 மீட்டர் பாய் ஒருதடவை தண்ணில விழுந்தா கயித்தைப் பிடிச்சுத் தூக்கவே முதுகு விட்டுடும். கத்துக்கிறவங்களுக்கு 4லேருந்து 5.5 சதுர மீட்டர் பாய் போதும்.

மணல்திட்டுல 70 சென்டிமீட்டர் ஃபின் முட்டுச்சு. போர்டு நின்னுடுச்சு, நான் நிக்கலை. மாஸ்டோட சேர்ந்து முன்னால போய் விழுந்தேன். ஃபினை மாட்டுற பெட்டி விரிஞ்சுபோச்சு.

அப்புறம்தான் முன்னால ரேஸ் ஓடின தம்பி ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். வந்ததும் மாஸ்ட் பக்கத்துல காசை வச்சுத் தட்டிப் பார்த்தாரு. மத்த இடத்துல டங்குன்னு கெட்டியா கேட்டது அங்கே பொத்துன்னு கேட்டுச்சு. மேல்தோல் உள்ளே இருக்கிற தெர்மாகோலை விட்டுப் பிரிஞ்சிருக்கு, அதுமேல புது பெயின்ட். இந்த வகை போர்டு பொதுவா 9 கிலோ சுத்தி இருக்கும். மீன் தராசுல வச்சா 13 காட்டுச்சு. உள்ளே தண்ணி.

ஏஷியன் கேம்ஸ் கதையும் பொய். ஹாங்சோ போட்டியில 2023ல ஈபாத் அலி வெண்கலம் வாங்கினது ஆர்எஸ்எக்ஸ்ங்கிற போர்டு வகுப்புல. அது வேற போர்டு. நீளம் 286, அகலம் 93 சென்டிமீட்டர், டேகர்போர்டு உண்டு. 2024 பாரிஸ்லேருந்து ஒலிம்பிக்ல ஐக்யூஃபாயில் (தண்ணிக்கு மேல எழும்பி ஓடுற போர்டு) வந்துட்டதால, “ஒலிம்பிக் போர்டு”ன்னு விளம்பரம் போட்டு பழைய ஆர்எஸ்எக்ஸும் உங்ககிட்ட வரும். அதுவும் கத்துக்கிறதுக்குச் செஞ்சதில்லை. ரேஸ்னு பேரு இருந்தா எல்லாமே ஆகாதுன்னும் இல்லை. சிறுவர் ரேஸுக்கு ஓட்டுற டெக்னோ 293 போர்டுல 205 லிட்டர் கொள்ளளவும் டேகர்போர்டும் இருக்கு. சின்ன பாய் போட்டா பழகலாம்.

லிட்டரை மட்டும் சொன்னா நம்பாதீங்க. 1 லிட்டர் சுமாரா 1 கிலோவை மிதக்க வைக்கும். கத்துக்கிறவங்களுக்கு உடம்பு எடைக்கு மேல 100 லிட்டர் கூட இருந்தா நிம்மதி. ஆனா போர்டைக் கவுத்துப் போட்டு டேகர்போர்டு இருக்கான்னு பாருங்க, ஃபினை அளங்க, பட்டை நடுவுலயும் மாட்ட ஓட்டை இருக்கான்னு பாருங்க. மேல்பக்கம் மெத்தென்ற விரிப்பு இருந்தா முட்டி தப்பிக்கும்.

கடைக்காரர் இப்போ போன் எடுக்கிறதில்லை. கேரளாவுல வாங்கினதுக்குக் கேரளாவுக்கே அலையணும்னு நிறைய பேர் விட்டுடறாங்க. வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்ட ஆணையத்துலேயே புகார் கொடுக்கலாம், எனக்கு நாகர்கோவில். கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, 2 வருஷத்துக்குள்ள கொடுக்கணும். பில் தராததே அந்தச் சட்டத்துல முறையற்ற வணிகம்தான். முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் பதிவு பண்ணினேன், இப்போ ஆணையத்துக்குப் போயிருக்கு. வாய்ஸ் மெசேஜ், ஜிபே ரசீது, தராசு வீடியோ எல்லாம் சேர்த்திருக்கேன்.

இதே கடையில “பிகினர் போர்டு”ன்னு வாங்கி மாட்டிக்கிட்டவங்க யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, அவர் அனுப்பின மெசேஜை அழிச்சிடாதீங்க.