உமிழ்நீர்க் குழாயில் பரிணாமம்: ஒரு மரபணுச் சோதனை பற்றிய கருத்து

மனிதர்கள் இன்னும் பரிணமிக்கிறார்களா, இல்லை மருந்தும் தடுப்பூசியும் வந்த பிறகு அது நின்றுவிட்டதா? "பதில் உங்கள் உமிழ்நீரிலேயே இருக்கிறது" என்று விளம்பரம் செய்யும் ஒரு மரபணுச் சோதனைச் சேவையில் பணம் கட்டினேன். வந்த அறிக்கையை வரிவிடாமல் படித்தும் முடித்தேன். அதில் மூன்று பகுதிகள்: முன்னோர், இன்று, நாளை. முன்னோர் பகுதி அருமை, அதற்காகவே வாங்கலாம். இன்று பகுதி பாதிக் கிணறு தாண்டிய கதை. நாளை பகுதியை எடுத்துவிட்டு விற்றால் அந்த நிறுவனத்துக்கே மரியாதை.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். நாள் முழுக்க நுண்ணோக்கியில் ரத்த ஸ்லைடு பார்ப்பதுதான் தொழில். அந்தக் கண்ணோடுதான் இந்த அறிக்கையையும் பார்த்தேன்.

முதலில் பெட்டி. ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் வாயில் சின்னப் புனல், மூடிக்குள் பதப்படுத்தும் திரவம். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்துவிட்டு, குறியிட்ட கோடு வரை உமிழ்நீர் நிரப்ப வேண்டும். நுரை கணக்கில் சேராது. வாய் வறண்டிருந்தால் கன்னத்தை வெளியிலிருந்து மெதுவாகத் தேய்த்துவிடுங்கள், சுரக்கும். மூடியை அழுத்தினால் திரவம் இறங்கிக் கலந்துவிடும். உமிழ்நீரில் மிதக்கும் கன்னத்துச் செல்களிலிருந்தும் வெள்ளை அணுக்களிலிருந்தும்தான் டிஎன்ஏ எடுக்கிறார்கள். வழிமுறைத் தாள் தெளிவாக இருந்தது, குறையே சொல்ல முடியாது.

வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மனித மரபணுத் தொகுப்பு சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்டது. இதுபோன்ற சேவைகள் அதை முழுதாகப் படிப்பதில்லை. ஒரு சிப்பை வைத்து, முன்கூட்டியே தேர்ந்தெடுத்த 6, 7 லட்சம் இடங்களை மட்டும் எட்டிப் பார்க்கின்றன. எல்லாம் விஞ்ஞானிகளுக்கு ஏற்கனவே தெரிந்த இடங்கள். இந்த அறிக்கையின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான்.

முன்னோர் பகுதியில் என்னைக் கட்டிப்போட்டது பால் பக்கம். பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் குட்டிப் பருவம் தாண்டியதும், பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் நொதி குறைந்துவிடும். மனிதர்களிலும் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அப்படித்தான். ஆனால் கால்நடை வளர்த்த சில மக்களிடம் அந்த நொதியை வாழ்நாள் முழுக்கச் சுரக்க வைக்கும் மாற்றம் பரவியது. ஐரோப்பாவில் பரவியது ஒரு மாற்றம். கிழக்கு ஆப்பிரிக்க மேய்ச்சல் மக்களிடம் இருப்பது வேறு மாற்றம், அது தனியாகத் தோன்றியது. இதை 2007ல் சாரா டிஷ்காஃப் குழு காட்டியது. ஒரே பலன், தனித்தனி வழி. அதுவும் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள். "பரிணாமம் என்றால் பல லட்சம் ஆண்டுக் கதை" என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு பக்கத்தைக் காட்டினால் போதும். பசியும் நோயும் வாட்டிய காலங்களில்தான் இந்த மாற்றம் வேகமாகப் பரவியிருக்க வேண்டும் என்கிற 2022 ஆய்வையும் சேர்த்திருந்தார்கள். வயிறு நிறைந்தவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் கொஞ்சம் சங்கடம், அவ்வளவுதான். பட்டினியில் இருப்பவருக்கு வரும் வயிற்றுப்போக்கு உயிரைக் குடிக்கும். இயற்கைத் தேர்வு, அதாவது யார் பிழைத்துப் பிள்ளை பெறுகிறார் என்று சூழல் வடிகட்டுவது, நடப்பது அங்கேதான். இதை எளிய மொழியில் எழுதியவரைப் பாராட்ட வேண்டும்.

வண்ணப் படங்களோடு நிறுத்திவிடாதீர்கள். மூலத் தரவைத் தரவிறக்கும் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். வருவது வெறும் உரைக் கோப்பு, நான்கு நெடுவரிசைகள்: குறியீட்டு எண், குரோமோசோம், இடம், உங்கள் இரண்டு எழுத்துகள். நான் தேடியது ஆர்எஸ் 4988235, ஐரோப்பாவில் பரவிய அந்தப் பால் மாற்றம் இருக்கும் இடத்தின் குறியீட்டு எண். இரண்டாவது குரோமோசோம். எனக்கு அங்கே ஜி, ஜி என்று இருந்தது. அந்த மாற்றம் என்னிடம் இல்லை. பால் குடித்தால் எனக்கு வயிறு உப்புவதன் காரணம் லட்சக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒரே வரியில் கிடந்தது. அறிக்கையின் பளபளப்பான பக்கங்கள் எதுவும் அந்த வரி அளவுக்கு என்னை அசைக்கவில்லை.

அரிவாள் செல் பக்கமும் நன்றாக இருந்தது, ஆனால் என் தொழில் அது என்பதால் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தேன். ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் கொடிய நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. இதை ஆந்தனி ஆலிசன் 1954லேயே காட்டிவிட்டார். ஒற்றைப் பிரதி உள்ளவரின் ஸ்லைடைச் சாதாரணமாகப் பார்த்தால் எல்லாச் செல்களும் வட்டமாகத்தான் தெரியும். ஆக்சிஜனை நீக்கும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் ஒரு துளி விட்டு, கவர் ஸ்லிப்பால் மூடி, காற்றுப் புகாமல் ஓரங்களை அடைத்து வைத்தால், கொஞ்ச நேரத்தில் அதே செல்கள் வளைந்து, முனை கூர்மையாகி நிற்கும். எத்தனையோ தலைமுறைகள் மலேரியாவோடு போராடிய போராட்டம் அந்தக் கண்ணாடித் துண்டில் தெரிகிறது. மலேரியா ஒழிந்த இடத்தில் இந்த மாற்றத்தால் ஆதாயம் எதுவும் இல்லை, இழப்பு மட்டும் மிச்சம். அதனால் தலைமுறை தலைமுறையாக அது அங்கே மெல்லக் குறையும். இப்படிப்பட்ட கணிப்பைத்தான் நாளை பகுதியில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து நமக்கு வந்த பங்கின் சதவீதம், திபெத்தியரின் உயர்மலை மரபணு, கடலில் மூச்சடக்கி மூழ்கும் பஜாவ் மக்களின் பெரிய மண்ணீரல் எல்லாம் சுருக்கமாக வந்து போகின்றன. படிக்கச் சுவையானவைதான். அவற்றில் ஒன்றை மட்டும் விரிவாக எழுதியிருக்கலாம். மூன்றாவது குரோமோசோமில் நியாண்டர்தாலிடமிருந்து வந்த ஒரு துண்டு, கோவிட் தீவிரமாகும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று ஹ்யூகோ ஸெபெர்க்கும் ஸ்வாந்தே பேபோவும் 2020ல் கண்டறிந்தார்கள். தெற்காசியாவில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் அதில் ஒரு பிரதியாவது இருக்கிறது. அதே துண்டு எச்ஐவி தொற்றும் வாய்ப்பைக் குறைக்கிறது என்று 2022ல் ஸெபெர்க் எழுதினார். ஒரு கிருமிக்கு எதிரி, இன்னொரு கிருமிக்குக் கூட்டாளி. "நல்ல மரபணு, கெட்ட மரபணு" என்று அறிக்கை பச்சை, சிவப்பு நிறம் பூசியிருப்பதை இந்த ஒரு உதாரணமே அடித்துவிடும். சூழலைச் சொல்லாமல் நிறம் பூசக் கூடாது.

சரி, இன்று பகுதிக்கு வருவோம். "உங்களில் நடந்துகொண்டிருக்கும் பரிணாமம்" என்று தலைப்பு. நம்மில் ஒவ்வொருவரும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத 60, 70 புது மாற்றங்களோடு பிறக்கிறோம். தந்தையின் வயது ஏற ஏற அந்த எண்ணிக்கையும் ஏறும். பரிணாமத்துக்கு மூலப்பொருளே அதுதான். ஆனால் தெரிந்த இடங்களை மட்டும் படிக்கும் சிப்புக்கு அந்தப் புது மாற்றங்கள் கண்ணில் படவே படாது. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் தாய், தந்தை, பிள்ளை மூவரின் மரபணுத் தொகுப்பையும் முழுதாகப் படித்து ஒப்பிட வேண்டும். அதைச் செய்யாமலே இந்தத் தலைப்பைப் போட்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வேலையிடத்தில் நான் சோதிக்காத ஒன்றுக்கு முடிவு எழுதிக் கொடுத்தால் மறுநாள் என்னை உள்ளே விடமாட்டார்கள்.

சொல்லாமல் விட்ட கணக்கு ஒன்றும் உண்டு. உலகில் ஆண்டுக்கு 13 கோடிக் குழந்தைகள் போலப் பிறக்கின்றன. தலைக்கு 60 புது மாற்றம் என்றால் ஆண்டுக்கு 780 கோடி. மரபணுத் தொகுப்பில் இருப்பதே 300 கோடி எழுத்துகள்தான். ஆக, கரு உயிரோடு தாங்கக்கூடிய எந்த ஒற்றை எழுத்து மாற்றத்தை எடுத்தாலும், அது அநேகமாக இன்று உலகில் யாரோ ஒருவரிடம் இருக்கிறது. மனித இனம் இவ்வளவு மாறுபாட்டைச் சுமந்தது இதற்கு முன் எப்போதும் இல்லை. பரிணாமம் நின்றுவிட்டது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இயற்கைத் தேர்வு நின்றுவிட்டதா என்றால், அதுவும் இல்லை, இடம் மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதி வளர்ந்து ஆளாவதற்குள் இறந்துபோயின. இன்று உலக அளவில் 5 வயதுக்குள் இறப்பது 100ல் நான்கு பேருக்கும் குறைவு. இந்தக் குழந்தைகள் பிழைத்தது மனித குலம் செய்த மிகப் பெரிய நற்காரியம். ஆனால் எல்லோரும் ஒரே எண்ணிக்கையில் பிள்ளை பெறுவதில்லை, ஒரே வயதில் பெறுவதுமில்லை. அந்த வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு கொஞ்சம் இருந்தாலும் தேர்வு நடக்கும். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948 முதல் நடந்துவரும் இதய ஆய்வின் பதிவுகளை வைத்து ஸ்டீபன் ஸ்டெர்ன்ஸ் குழு இதைக் கணக்கிட்டது. அங்கே பெண்களில் தேர்வு இப்போதிருக்கும் திசையிலேயே பத்துத் தலைமுறை நீடித்தால், சராசரியாக 2 செ.மீ. குள்ளமாகவும், ஒரு கிலோ எடை கூடியும், மாதவிடாய் நிற்பது 10 மாதம் தள்ளிப்போயும் இருக்கும் என்பது முடிவு. பார்த்தால் சின்ன எண்கள்தான். பரிணாமத்தின் நடையே அப்படித்தான். இந்த ஆய்வு அறிக்கையில் எங்கும் இல்லை.

நாளை பகுதி என்னைக் கோபப்படுத்தியது. சுண்டுவிரல் மறையும், ஞானப்பல் மறையும், தலை பெருக்கும் என்று படம் போட்டு, என் மரபணுவை வைத்து "உங்கள் வம்சம் எவ்வளவு முன்னேறியது" என்று ஒரு மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறார்கள். பயன்படுத்தாத உறுப்பு அதனாலேயே மறையாது. சுண்டுவிரல் இல்லாதவர்கள் அதிகப் பிள்ளை பெற்றால்தான் அது குறையும், அப்படி நடப்பதாக எந்தத் தடயமும் இல்லை. ஞானப்பல் முளைக்காதவர்கள் ஐந்தில் ஒருவர் போல இருப்பது உண்மை. ஆனால் பலருக்கு அது இடமின்றி நெருக்குவதில், மென்மையான உணவு தின்று தாடை குறைவாக வளர்வதற்கும் பங்கு உண்டு, அது மரபணு அல்ல. முன்கையில் கருவிலேயே மறைந்துவிட வேண்டிய நடுத் தமனி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர்களை விட 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்தவர்களிடம் மூன்று மடங்கு அதிகமாக நிலைத்திருக்கிறது என்று 2020ல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொன்னது. அதில்கூட மரபணு எவ்வளவு, தாயின் உடல்நிலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. உண்மையான விஞ்ஞானம் இப்படித் தயங்கும். "முன்னேறிய வம்சம்" என்பது மரபணுவியலே அல்ல. தனி மனிதர் பரிணமிப்பதில்லை, மக்கள் கூட்டம்தான் பரிணமிக்கிறது. பரிணாமத்துக்கு மேலே கீழே என்ற திசையும் கிடையாது. மனிதர்களைத் தரம் பிரித்த அந்தப் பழைய சிந்தனை என்னென்ன கொடுமைகளில் போய் முடிந்தது என்பது நமக்குத் தெரியும். ஒரு பொழுதுபோக்குப் பக்கமாகக்கூட அது திரும்பி வரக் கூடாது. வாடிக்கையாளர் சேவைக்கு இதை எழுதினேன். பொதுவான நன்றிக் கடிதம் ஒன்று வந்தது, மதிப்பெண் அப்படியே இருக்கிறது.

அதே பகுதியில் உயரம், புத்திக்கூர்மை பற்றிய கணிப்புகளையும் நம்பாதீர்கள். ஆயிரக்கணக்கான மரபணு மாற்றங்களைக் கூட்டிப் போடும் மதிப்பு அது. அடிப்படை ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் போல ஐரோப்பிய வம்சாவளியினர். மற்றவர்களுக்கு அந்தக் கணக்கு நிறையவே பிசகும். அரிதான நோய்மாற்றம் ஏதாவது சிவப்பில் காட்டினால் பதறவும் வேண்டாம். மிக மிக அரிதான மாற்றங்களில் இத்தகைய சிப் "இருக்கிறது" என்று சொன்னவற்றில் ஆறில் ஒன்றுதான் மறுசோதனையில் உறுதியானது என்று 2021ல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு வந்திருக்கிறது. மருத்துவரிடம் போய் முறையான சோதனை செய்துகொள்ளுங்கள்.

மரபணுத் திருத்தம் பற்றிய பத்தியில் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பியிருக்கிறார்கள். 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த அரிவாள் செல் சிகிச்சை நோயாளியின் ரத்த அணுக்களை உருவாக்கும் தண்டு செல்களை மட்டும் திருத்துகிறது. அவருடைய பிள்ளைகளுக்கு அது போகாது. 2018ல் சீனாவில் ஹெ ஜியான்குயி கருவையே திருத்திக் குழந்தைகளைப் பிறக்க வைத்து, சிறைக்கும் போனார். அந்த மாற்றம் வம்சத்தில் தொடரக்கூடியது. முதலாவதை நான் மனதார வரவேற்கிறேன், அந்த நோயாளிகளின் வலியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். இரண்டாவது, மனிதனின் எதிர்காலத்தில் நேரடியாகக் கை வைப்பது. அதற்கு மூன்று வரி போதாது.

அப்புறம், தரவு. உங்கள் மரபணுவில் பாதி உங்கள் பிள்ளையுடையது, ஏறத்தாழ பாதி உடன்பிறந்தவருடையது. அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். இத்துறையின் பெரிய நிறுவனமான 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவால் மனு போட்டபோது, லட்சக்கணக்கானோரின் தரவு யார் கைக்குப் போகும் என்ற கேள்வி எழுந்ததை மறக்க வேண்டாம். கணக்குத் தொடங்கும்போது ஆராய்ச்சி சம்மதத்துக்கு இரண்டு பெட்டிகள் வரும். பல்கலைக்கழக ஆய்வுக்கு நான் சம்மதித்தேன், ஐரோப்பியர் அல்லாதவர்களின் தரவு குறைவாக இருப்பதுதான் மேலே சொன்ன பிசகுக்குக் காரணம் என்பதால். வணிகப் பங்காளிகளுக்கு மறுத்துவிட்டேன். இரண்டிலும் முன்கூட்டியே டிக் போட்டிருக்கிறார்கள், உங்களுக்கு வேண்டாததை எடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.