40 லிட்டர் முதுகுப்பையோடு சில ஆண்டுகள்

சக்கரம் வைத்த டிராலி பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, 40 லிட்டர் கொள்ளும் முதுகுப்பை ஒன்றோடு மட்டும் பயணம் செய்யத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. கொச்சி, காசி, தில்லி என்று ரயிலிலும் பேருந்திலும் விமானத்திலும் அதைச் சுமந்து சென்று பார்த்ததில், நம் சுமையின் அளவைத் தீர்மானிப்பது துணி காய்வதற்கு ஆகும் நேரமே என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். இரவில் துவைத்தது காலையில் காய்ந்துவிடுமானால், நான்கு நாள் பயணத்துக்கும் பதினான்கு நாள் பயணத்துக்கும் ஒரே பை போதும்.

என்னிடம் இருப்பவை: உடுத்தியிருப்பது போக இரண்டு சட்டை, ஒரு கால்சட்டை, உள்ளாடைகள், ஒரு கைலி, ஒரு மெல்லிய ஈரிழைத் துண்டு. ஜீன்ஸ் கனமானது, எளிதில் காயவும் காயாது என்பதால் அதை முதலில் விலக்கினேன். துவைத்த சட்டையைப் பிழிந்து உடனே கொடியில் போடுவதில்லை. உலர்ந்த துண்டை விரித்து, அதன்மேல் சட்டையை நீவி வைத்து, இரண்டையும் சேர்த்துப் பாய்போல் சுருட்டி, இரு முனைகளையும் பிடித்து இறுக முறுக்கினால் எஞ்சிய நீரின் பெரும்பகுதியைத் துண்டு உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மின்விசிறிக்கு அடியில் கட்டிய நைலான் கயிற்றில் போட்டால், பாலியஸ்டர் கலந்த சட்டை விடிவதற்குள் காய்ந்துவிடுகிறது. கொச்சியின் மழைக்காலத்தில் முழுப் பருத்திச் சட்டை மறுநாள் மதியம்வரை ஈரமாகவே இருந்தது. அதன்பின் கலப்புத் துணிக்கு மாறினேன். துண்டு மட்டும் பருத்திதான். கனத்த டர்க்கி டவல் அடைத்துக்கொள்ளும் இடத்தில் இத்தகைய துண்டுகள் மூன்று அடங்கும்.

விமானத்தில் செல்வோர் பையின் சொந்த எடையையும் கணக்கிட வேண்டும். உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்பில் கையோடு எடுத்துச்செல்ல வழக்கமாக 7 கிலோதான் அனுமதி. சிறிய டிராலி பெட்டி ஒன்றே பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று கிலோ இருக்கும். என் முதுகுப்பையோ ஒன்றேகால் கிலோ. ரயிலில் எடை பெரிய சிக்கலன்று, தூங்கும் வசதிப் பெட்டியில் 40 கிலோவரை கட்டணமில்லை. ஆனால் நடைமேம்பாலத்தின் படிகளில் ஏறி அடுத்த நடைமேடைக்கு ஓடும்போது இரு கைகளும் ஓய்வாக இருப்பதன் அருமை தெரியும். பவர் பேங்க்கை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர் மணி (mAh) கொண்டது ஏறத்தாழ 74 வாட் மணி (Wh) என்பதால் 100 வாட் மணி என்ற வரம்புக்குள் அடங்கும்.

பையின் துணி இன்றும் நன்றாக உழைக்கிறது. முதலில் தேய்ந்தது பிரதான ஜிப்பின் ஓட்டி. பை தைப்பவரிடம் கொடுத்து அதை மட்டும் மாற்றிக்கொண்டேன். தோள்பட்டைப் பஞ்சு சற்று அமுங்கியிருக்கிறது. மழையுறையின் உட்பூச்சு உரியத் தொடங்கியதால், துணிகளை இப்போது கனமான பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளே வைக்கிறேன்.

மார்கழிக் குளிரில் தில்லிக்கோ காசிக்கோ செல்பவர்கள் தடித்த ஸ்வெட்டரைப் பையில் திணிக்காமல் அணிந்தே செல்வது நல்லது. துணி காய்வதற்கும் அங்கே கூடுதல் நேரம் வேண்டும். ஆகவே அப்பருவத்தில் மட்டும் நான் ஒரு சட்டை அதிகமாக வைத்துக்கொள்கிறேன். பட்டுப் புடவையும் பட்டு வேட்டியும் கொண்டுசெல்ல வேண்டிய திருமணப் பயணத்துக்கும், கைக்குழந்தையோடு செல்லும் பயணத்துக்கும் இந்தப் பையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றுக்குப் பெட்டியே ஏற்றது.